விலாசம் மாறிய யந்திரம்



கணிப்பொறிக்கும் விலாசம் உண்டு. அந்த விலாசத்தை மாற்ற நேர்ந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அதிலும், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு ஓடும் ஒரு பழைய சர்வரையே நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். "இது பொறியாளர் பேச வேண்டிய பொருளன்றோ? கணக்குக் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இதில் உள்ளது பெரும்பாலும் எட்டாம் வகுப்புக் கணக்கும், பதிவேட்டை ஒழுங்காக எழுதும் பழக்கமுந்தான். இவ்விரண்டிலும் எனக்குச் சற்றுப் பழக்கம் உண்டு.

பழைய யந்திரத்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய கணிப்பொறிகளில் வண்ணத் திரையில் ஒரு பெட்டி தோன்றும்; அதில் எண்ணை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் காரியம் முடிந்துவிடும். உள்ளே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. பழைய யூனிக்ஸ் யந்திரம் அப்படி எதையும் மறைப்பதில்லை. தன் பெயர் என்ன, தன் விலாசம் என்ன, ஊருக்கு வெளியே போகும் வழி எது என்பவற்றையெல்லாம் யாரும் படிக்கத்தக்க சிறு சிறு எழுத்துக் கோப்புகளில் எழுதி வைத்திருக்கும். கற்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

முதலில் விலாசம் என்பது யாது எனப் பார்ப்போம். இன்றும் பெருவழக்கில் உள்ள இணைய விலாசம், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. 10.40.7.20 என்பது ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஏன் 255 உடன் நிற்கிறது? கணிப்பொறிக்கு ஒன்றும் பூச்சியமும் தவிர வேறு இலக்கம் தெரியாது. எட்டு இடங்களில் ஒன்றையும் பூச்சியத்தையும் மாற்றி மாற்றி எழுதினால் 256 வகையாகத்தான் எழுத முடியும். பூச்சியத்திலிருந்து எண்ணினால் கடைசி எண் 255. நான்கு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இடங்கள்; ஆக மொத்தம் 32 இடங்கள். இவற்றால் எழுதக்கூடிய விலாசங்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இந்த முறை 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வரையறுக்கப்பட்டபோது, இவ்வளவு விலாசங்கள் தீர்ந்துபோகும் காலம் வரும் என்று சொன்னால் பலர் நகைத்திருப்பார்கள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகத்துக்குப் பொதுவாக வைத்திருந்த கையிருப்பில் கடைசிப் பகுதியும் பங்கிடப்பட்டுவிட்டது. 128 இடங்களைக் கொண்ட புதிய விலாச முறை ஒன்று அதற்கு முன்பே வகுக்கப்பட்டுப் பரவி வருகிறது. அது வேறொரு நாளைக்கு உரிய பேச்சு.

இந்த நான்கு எண்களுக்குள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. எந்த ஊர் என்பது ஒன்று. அவ்வூரில் எந்த வீடு என்பது மற்றொன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வந்த ஆறு இலக்கத் தபால் குறியீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் இலக்கம் 6 என்றிருந்தால், கடிதம் தென்கோடிக்கு வர வேண்டியது என்பதைத் தபால்காரர் கதவு எண்ணைப் பார்க்காமலே அறிவார். கணிப்பொறி விலாசத்திலும் முன்பகுதி ஊர், பின்பகுதி வீடு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊர் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பது விலாசத்தைப் பார்த்த அளவில் தெரியாது. அதைத் தெரிவிப்பதற்கு இன்னொரு நான்கெண் தொகுதி வேண்டும். அதற்கு நெட்மாஸ்க் என்று பெயர். வலை மூடி என்று நாம் சொல்லலாம்.

255.255.255.0 என்பது ஒரு வலை மூடி. 255ஐ இரும எண்ணாக எழுதினால் எட்டு ஒன்றுகள் வரும். ஒன்று உள்ள இடமெல்லாம் ஊருக்கு உரியது; பூச்சியம் உள்ள இடமெல்லாம் வீட்டுக்கு உரியது. ஆகவே 10.40.7.20 என்னும் விலாசத்தில் 10.40.7 என்பது ஊர், 20 என்பது வீடு. இப்போது அந்த யந்திரம் 10.40.9.3 என்னும் யந்திரத்துக்கு ஒரு செய்தி அனுப்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைப் போட்டுப் பார்க்கிறது. தன் ஊர் 10.40.7, அதன் ஊர் 10.40.9. வேற்றூர். ஆகவே செய்தியை ஊரின் வாயிற்காவலனாகிய ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. ரவுட்டர் அதை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது.

மூடி தவறிப்போய் 255.0.0.0 என்று இருந்தால் என்ன ஆகும்? 10 என்பது மட்டுமே ஊர் என்று யந்திரம் நினைத்துக்கொள்ளும். 10.40.9.3 தன் தெருவிலேயே இருக்கிறது என்று நம்பி, வாயிற்காவலனிடம் போகாமல், "10.40.9.3 யார்? உன் கதவு எங்கே?" என்று தெருவில் நின்று கூவும். அந்தத் தெருவில் அப்படி ஒருவர் இல்லை. பதில் வாராது. பக்கத்து யந்திரங்களோடு எல்லாம் நன்றாகப் பேசும். அடுத்த கட்டடத்தோடு மட்டும் ஊமையாகிவிடும். பார்ப்பவர்கள் கம்பியைச் சந்தேகிப்பார்கள்; ரவுட்டரைச் சந்தேகிப்பார்கள். குற்றம் ஒரு சிறிய கோப்பில் எழுதப்படாத ஒரே ஒரு வரியில் இருக்கும். விலாசத்தை மாற்றுகிறவர்கள் விலாசத்தை மட்டும் நினைவில் வைத்து மூடியை மறந்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. ஆதலால் இவ்விடத்தில் சற்று நின்று விளக்கினேன்.

விலாச மாற்றத்தின் வரலாற்றில் ஒரு பெருநாள் உண்டு. அமெரிக்க நாட்டில் 1969ஆம் ஆண்டில் நான்கே இடங்களை இணைத்துத் தொடங்கப்பட்ட ஆர்ப்பாநெட் என்னும் வலை, பல ஆண்டுகள் ஒருவகையான பேச்சு முறையைக் கையாண்டு வந்தது. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அந்தப் பழைய முறை நிறுத்தப்பட்டது. நான் மேலே சொன்ன புதிய விலாசமும் புதிய பேச்சு முறையும் உள்ள யந்திரங்களே அன்றுமுதல் வலையில் பேச முடியும். முந்திய ஆண்டிலேயே பழைய முறையைச் சிறிது நேரம் நிறுத்திக் காட்டி எச்சரித்தார்கள். என்றாலும், ஆயத்தமாகாமல் இருந்தவர்கள் புத்தாண்டு நாளில் யந்திரத்தின் முன் அமர்ந்து பாடுபட நேர்ந்தது. அந்த மாற்றத்தில் பிழைத்து வந்தேன் என்று அச்சிட்ட வில்லைகளைச் சிலர் சட்டையில் குத்திக்கொண்டார்களாம். தேர்வு நடத்திய ஆசிரியன் என்ற முறையில், அந்த வில்லையின் பொருள் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் யூனிக்ஸின் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸுக்கு இணையப் பேச்சு முறையை ஊட்டியது இந்தப் பதிப்பு. விலாசத்தை அமைக்கும் 'இஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை அதில்தான் முதலில் வந்தது. இரண்டாவது காரியம், பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் பெயர் ஏற்பாட்டை வகுத்தது. அதுவரையில் வலையில் உள்ள யந்திரங்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டு, கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த ஒரு நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தன. எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார் அந்த நிலையத்தைத் தலைமையேற்று நடத்தினார். ஓர் ஊரில் ஒரே ஒரு பதிவேடு. புதிதாக வந்தவர்களெல்லாம் அங்கே சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். பதிவேடு பெருத்தபோது அந்த ஏற்பாடு தாங்கவில்லை. எனினும் அந்தப் பழைய பதிவேட்டின் சாயல் ஒவ்வொரு யூனிக்ஸ் யந்திரத்துக்குள்ளும் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பாக இன்றளவும் இருக்கிறது.

நம் நாட்டிலும் 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலையில் சென்னை ஐ.ஐ.டி. முதலிய உயர்கல்வி நிலையங்கள் பங்குகொண்டன. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல்தான்.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1982இல் தோன்றி, 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. அது செய்த சர்வர்கள் உழைப்புக்குப் பேர்போனவை. அவற்றில் ஓடும் யூனிக்ஸுக்கு சொலாரிஸ் என்று பெயர். அதன் எட்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்தது. அத்தகைய யந்திரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

யூனிக்ஸில் அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு 'எட்சி' என்று பெயர். எட்சட்ரா என்பதன் சுருக்கம் அது. நம் மொழியில் 'இத்யாதி'. வேறெங்கும் இடம் கிடைக்காத சில்லறைகளைப் போட்டு வைக்கத் தொடங்கிய இடம், பின்னர் யந்திரத்தின் உயிர்நிலையாகிவிட்டது. மிக முக்கியமான பொருள்கள் இத்யாதியில் இருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த இத்யாதியில் நாம் பார்க்க வேண்டியவை சில கோப்புகளே. 'ஹோஸ்ட்நேம்' என்று தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, வலைக்கம்பி செருகும் அட்டையின் பெயரோடு முடியும் கோப்பு ஒன்று. அந்த அட்டையின் பெயர் பெரும்பாலும் எச்.எம்.ஈ.0 என்றிருக்கும். எச்.எம்.ஈ. என்பதன் விரிவில், குழந்தைகளுக்காக விற்கப்படும் ஓர் உணவுப் பொட்டலத்தின் பெயரை அந்த நிறுவனத்துப் பொறியாளர்கள் குறும்பாக நுழைத்திருக்கிறார்கள். பூச்சியம் என்பது முதல் அட்டை. கணிப்பொறி பூச்சியத்திலிருந்து எண்ணும். இந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சொல் இருக்கும்: யந்திரத்தின் பெயர். விலாசம் இராது. புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே திகைப்பார்கள். பெயரை இங்கே பார்த்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு உரிய எண்ணை 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் தேடி எடுத்துக்கொள்வது யந்திரத்தின் வழக்கம். ஆகவே பெயர் மாறாமல் விலாசம் மட்டும் மாறும்போது முதற்கோப்பைத் தொடவே வேண்டாம். 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எண்ணை மாற்றினால் போதும். சில பதிப்புகளில் 'ஐபிநோட்ஸ்' என்னும் இன்னொரு கோப்பிலும் அதே விலாசம் எழுதப்பட்டிருக்கும். அங்கும் மாற்ற வேண்டும்.

மூடியை 'நெட்மாஸ்க்ஸ்' என்னும் கோப்பில் எழுத வேண்டும். இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் மூடி. நம் எடுத்துக்காட்டில் 10.40.7.0 என்று எழுதி, இடம் விட்டு 255.255.255.0 என்று எழுத வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால், பழைய மரபுப்படி 10 என்று தொடங்கும் விலாசங்களுக்கெல்லாம் 255.0.0.0 என்னும் மூடியையே யந்திரம் போட்டுக்கொள்ளும். தெருவில் நின்று கூவும் கதை அப்போதுதான் தொடங்குகிறது. வாயிற்காவலனின் விலாசம் 'டீஃபால்ட்ரவுட்டர்' என்னும் கோப்பில் ஒரே வரியாக இருக்கும். பெயர் ஏற்பாட்டுக்கு யாரைக் கேட்பது என்பது 'ரிசால்வ்' என்று தொடங்கும் கோப்பில் இருக்கும். அந்த உதவி யந்திரமும் இடம் மாறியிருந்தால் அதையும் திருத்த வேண்டும்.

இவை யாவும் யந்திரம் விழித்தெழும்போது படித்துக்கொள்ளும் ஏடுகள். எழுந்த பிறகு அது ஏட்டைத் திரும்பிப் பாராது. நினைவில் கொண்டதை வைத்தே வேலை செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தின் நினைவை மாற்றுவதற்குத்தான் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை. அட்டையின் பெயர், புதிய விலாசம், மூடி ஆகியவற்றை வரிசையாகக் கொடுத்தால் அந்தக் கணமே விலாசம் மாறிவிடும். ஆனால் ஏட்டில் ஒரு புள்ளிகூட மாறியிராது. ஏட்டை மாற்றினால் நினைவு மாறாது. நினைவை மாற்றினால் ஏடு மாறாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால் விளைந்த துன்பம் ஒன்றை நானே கண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்லூரி நூலகத்துக்கு அடிக்கடி சென்று படிப்பது என் வழக்கம். அங்கே நூற்பட்டியல் முழுவதும் இத்தகைய பழைய சர்வர் ஒன்றில் இருந்தது. பல ஆண்டுகளாகப் பலர் அமர்ந்து தட்டச்சு செய்து சேர்த்த பட்டியல் அது. ஒரு பருவத் தேர்வின் முந்திய வாரம், நள்ளிரவில் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தீர்ந்துவிட்டன. காலையில் மின்சாரம் வந்து யந்திரமும் எழுந்தது. ஆனால் நூலகத்தில் இருந்த ஒரு கணிப்பொறிக்கும் அது தென்படவில்லை. மாணவர்கள் நூல் தேட வந்து வரிசையில் நின்றார்கள். அலுவலர்கள் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "யந்திரம் பழையது, தட்டு கெட்டுவிட்டது போலும். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவிவிடலாம்" என்றார். பிரதி எடுத்து வைத்த நாடாக்கள் எப்போது எடுக்கப்பட்டவை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் அக்கல்லூரிக் கணிப்பொறித் துறையில் இருந்தார். அவர் வந்து, "சார், அழிப்பதற்கு முன்னே ஐந்து நிமிடம் பார்க்கட்டுமா என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். அவர் சர்வரின் பின்புறத்தில் உள்ள தொடர் இணைப்புத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, தம் மடிக்கணினியில் விநாடிக்கு 9600 என்னும் வேகத்தை அமைத்தார். திரையில் நுழைவு வரி தோன்றியது. யந்திரம் நலமாகவே இருந்தது. 'இஃப்கான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்து, அது தன் விலாசம் என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறது எனக் கேட்டார். 192.168.5.20 என்று பதில் வந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு கல்லூரியின் வலையைப் புதுப்பித்து எல்லா யந்திரங்களுக்கும் 10 என்று தொடங்கும் விலாசம் கொடுத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் இந்த சர்வரின் நினைவை மட்டும் மாற்றி, ஏட்டை மாற்றாமல் போயிருக்கிறார்கள். நான்கு மாதம் மின்சாரம் நிற்காதவரை பிழை தெரியவில்லை. மின்சாரம் நின்று எழுந்ததும், யந்திரம் தன் பழைய ஏட்டைப் படித்து, இல்லாத ஊரில் குடியிருப்பதாக எண்ணிக்கொண்டு தனியே அமர்ந்திருந்தது. பட்டியலில் ஓர் எழுத்தும் கெடவில்லை.

அந்த இளைஞர் அதன்பின் செய்த வேலையின் ஒழுங்கை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஒழுங்கையே உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் முதலில் கேட்டது காகிதம். பழைய விலாசம், புதிய விலாசம், மூடி, வாயிற்காவலன் ஆகியவற்றை எழுதி என்னிடம் கொடுத்து, "நான் தட்டும்போது நீங்கள் உரக்கப் படியுங்கள், சார்" என்றார். 7ஐ 1 என்று அடிப்பதும், புள்ளியை விட்டுவிடுவதும் தனியாக இருப்பவனுக்குத் தெரியாது. இன்னொரு வாய் படித்தால் தெரிந்துவிடும். அடுத்து, புதிய எண்ணில் வேறு யந்திரம் ஏதேனும் ஏற்கெனவே குடியிருக்கிறதா என்று பார்த்தார். நூலகத்தின் வேறொரு கணிப்பொறியிலிருந்து 10.40.7.20ஐ 'பிங்' என்னும் கட்டளையால் அழைத்தார். பதில் இல்லை, இடம் காலி. கேளாமல் இருக்கும்படி அமைத்த யந்திரமும் உண்டாகையால், வலைப் பொறுப்பாளரின் பதிவேட்டையும் பார்த்துவரச் சொன்னார். ஒரே எண்ணை இரண்டு யந்திரங்கள் வைத்துக்கொண்டால், ஒரு பெயரில் இரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். ஒருவன் அழைப்புக்கு மற்றொருவன் எழுந்து நிற்பான்.

பிறகு, மாற்றப் போகும் ஒவ்வொரு கோப்பையும் 'பழையது' என்று பொருள்படும் பின்னொட்டோடு பிரதி எடுத்து வைத்தார். அதன்பின்பே 'வீஐ' என்னும் தொகுப்பானால் கோப்புகளைத் திறந்தார். அந்தத் தொகுப்பானை 1976இல் எழுதிய பில் ஜாய் என்பவரே பிற்காலத்தில் அந்த ஸன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எண்ணை மாற்றினார். 127.0.0.1 என்று ஒரு வரி இருந்தது, அதைத் தொடவில்லை. அது யந்திரம் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் விலாசம். எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. மூடியையும் வாயிற்காவலனையும் எழுதினார். பிறகு நினைவையும் மாற்றினார். இங்கே ஒரு வரிசை உண்டு. விலாசத்தை முதலில் மாற்ற வேண்டும். பிறகே பழைய வழியை நீக்கிப் புதிய வழியைச் சேர்க்க வேண்டும். வரிசையைப் புரட்டி, 192.168.5 ஊரில் இருந்துகொண்டே 10.40.7.1 என்னும் காவலனை வழியாகச் சொன்னால், அந்த ஊரை எட்ட முடியாது என்று யந்திரம் மறுத்துவிடும்.

அவர் யந்திரத்தோடு வலைவழியாகப் பேசாமல், தொடர் இணைப்புக் கம்பியின் வழியாகப் பேசினார் என்பதைக் கவனியுங்கள். வலைவழியாக நுழைந்து விலாசத்தை மாற்றுகிறவன் தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுகிறான். கட்டளையைக் கொடுத்த அந்த விநாடியே அவன் பேசிக்கொண்டிருந்த விலாசம் மறைந்துவிடும், திரை உறைந்துவிடும். யந்திரம் பக்கத்து அறையில் இருந்தால் நடந்து போகலாம். பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் பேருந்து பிடிக்க வேண்டும். தொலைவிலிருந்தே செய்துதான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால், அனுபவசாலிகள் ஓர் உபாயம் செய்வார்கள். 'ஆட்' என்னும் கட்டளையால், "இன்னும் பத்து நிமிடத்தில் பழைய கோப்புகளைத் திரும்ப வைத்து மறுபடி தொடங்கு" என்று யந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மாற்றம் நன்றாக முடிந்தால் புதிய விலாசத்தில் நுழைந்து அந்த ஏற்பாட்டை ரத்துச் செய்வார்கள். முடியாவிட்டால் பத்து நிமிடத்தில் யந்திரம் தானே பழைய இடத்துக்குத் திரும்பும்.

அடுத்தது சோதனை. சொலாரிஸில் 'பிங்' கட்டளைக்கு ஓர் அழகு உண்டு. கூப்பிட்ட யந்திரம் பதில் சொன்னால், அது உயிரோடிருக்கிறது என்று பொருள்படும் ஒரு வரியைத் திரையில் எழுதும். அவர் முதலில் யந்திரத்தின் சொந்த விலாசத்தை அழைத்தார். பிறகு வாயிற்காவலனை, பிறகு அடுத்த கட்டடத்தில் உள்ள ஒரு யந்திரத்தை எண்ணால், கடைசியாக அதே யந்திரத்தைப் பெயரால். எண்ணால் அழைத்தபோது பதில் வந்து, பெயரால் அழைத்தபோது வராவிட்டால் குற்றம் பெயர் ஏற்பாட்டில் உள்ளது. காவலன் பதில் சொல்லி, அப்பால் பதில் வராவிட்டால் வழியைப் பார்க்க வேண்டும். இல்லையேல் மூடியைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

பெயர் ஏற்பாட்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். பெயருக்கு உரிய எண்ணைக் கேட்டறிந்த யந்திரங்கள், குறித்த காலம் வரை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலம் 86400 விநாடி, அதாவது ஒரு நாள் முழுவதும் இருக்கலாம். முன்கூட்டித் திட்டமிட்டு விலாசம் மாற்றுகிறவர்கள், ஒரு நாளைக்கு முன்பே அந்தக் காலத்தை 300 விநாடியாகக் குறைத்து விடுவார்கள். மாற்றம் நடந்த ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புதிய எண்ணை அறிந்துகொள்வார்கள். அண்டை யந்திரங்களும் எண்ணுக்கு உரிய கதவைச் சில நிமிடங்கள் நினைவில் வைத்திருக்கும். மாற்றிய உடனே ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமற் போனால் பதற வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

நூலகத்தில் மிகுதியான நேரத்தை எடுத்துக்கொண்டது வேறொன்று. சர்வரைச் சரிசெய்ய அரைமணி ஆயிற்று. சர்வரின் பழைய எண்ணை உள்ளே எழுதி வைத்திருந்த பிற இடங்களைத் தேடிப் பிடிக்க அன்று மாலை வரை ஆயிற்று. அச்சு யந்திரத்தின் அனுமதிப் பட்டியலில் ஒன்று. இரவில் பிரதி எடுக்கும் கட்டளைத் தொகுப்பில் ஒன்று. நான்கு மாதங்களாக அந்தப் பிரதி எடுக்கும் வேலை நடக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. காலையில் தட்டை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த நூலகர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். 1996ஆம் ஆண்டிலேயே இணைய வல்லுநர் இருவர், விலாச மாற்றம் எளிதாகும்படி இன்னும் உழைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். மென்பொருளுக்குள் எண்ணைப் பொறித்து வைக்காதீர்கள், பெயரைப் பயன்படுத்துங்கள் என்பது அதில் உள்ள அறிவுரை. கற்றவர்களும் இதைக் கேட்பதில்லை. எண் கையில் இருக்கிறது, அதைப் போட்டால் இப்போதைக்கு வேலை நடக்கிறது என்ற சோம்பலே காரணம்.

கடைசியாக அந்த இளைஞர் செய்த காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் நூல் தேடத் தொடங்கிவிட்டார்கள். அலுவலர்கள் நன்றி சொல்லி விடைகொடுத்தார்கள். அவரோ, நூலகம் மூடும் வரை காத்திருப்பேன் என்றார். எட்டு மணிக்குக் கதவை அடைத்த பிறகு, யந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எழுப்பினார். 'ரீபூட்' என்னும் கட்டளையைக் கொடுக்கவில்லை. இந்தப் பழைய சொலாரிஸில் அது ஓடும் வேலைகளை முறைப்படி நிறுத்தாமல் எழுப்பிவிடும் என்று சொல்லி, 'இனிட் 6' என்னும் கட்டளையைக் கொடுத்தார். பழைய யந்திரம், நினைவைச் சோதித்து, தட்டுகளைச் சோதித்து எழுந்திருக்கப் பல நிமிடங்கள் ஆயின. தொடர் இணைப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. நுழைவு வரி தோன்றியதும், அவர் அங்கே கை வைக்காமல், அடுத்த கட்டடத்துக்குப் போன் செய்து, அங்கிருந்த நண்பரைப் பட்டியலில் ஒரு நூலைத் தேடச் சொன்னார். நூல் கிடைத்தது. பிறகு பழைய எண் ஒட்டியிருந்த சீட்டை யந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து உரித்துவிட்டு, புதிய எண்ணையும் அன்றைய தேதியையும் எழுதி ஒட்டினார். என் கையில் இருந்த காகிதத்தை வாங்கி, நூலகரின் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.